கீழ்வரிசைப் பற்கள்

பெட்டியைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணி நனைந்திருந்தது.

இரண்டு வருஷமாக மழையே காணாத ஊர். தலைநகரத்திலிருந்து ஐந்து மணி நேரம், புழுதிச் சாலையில், வண்டியின் பின்சீட்டில் மடிமீது வைத்துக்கொண்டு வந்த பெட்டி. ரிபுரே விரலை நக்கிப் பார்த்தாள். உப்பு.

உள்ளே இருந்தது அவள் கொள்ளுப்பாட்டன் கமஹேகேயின் மண்டையோடு. அவர்கள் ஹெரெரோ இனத்தை அழிக்க வந்த சண்டையில் அவரைக் கொன்ற ஜெர்மன்காரன், தலையை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுபோய், அளந்து, நெற்றியில் எண் எழுதி, நூறு வருஷத்துக்கு மேல் அலமாரியில் வைத்திருந்துவிட்டு இப்போதுதான் திருப்பிக் கொடுத்திருந்தான். பெட்டியில் ஒட்டிய சீட்டில் பெயர் தெளிவாக இருந்தது.

ரிபுரேக்கு மூன்று பிள்ளைகள் ஏழாம் மாதத்தில் தங்காமல் போயின. பாட்டனை அடக்கம் செய்தால் நாலாவது நிற்கும் என்று சொன்னார்கள். இது ஏழாம் மாதம். இறந்தவரைக் குலநெருப்பின் முன்னால் பெயர் சொல்லி அழைக்க வேண்டியவன் அவள் அண்ணன் துவாரே. அதுவரை அவளால் பொறுக்க முடியவில்லை. வழியிலேயே பெட்டியில் வாய் வைத்துச் சொல்லிவிட்டாள்: "பாட்டா, என் வயிறு இனிமே உங்க வீடு. உள்ள வந்து இருந்துக்கோங்க."

வாசலில் அண்ணி ஜவோரா கைகொடுத்து இறக்கினாள். "ஏன்டி, மாட்டுக்கொம்பு மாதிரி கட்டின தலைப்பாகை கொஞ்சம்கூட சாயலயே. பாட்டன்கிட்ட அழகு காட்டவா இப்படி வெறைப்பா உக்காந்து வந்த?"

"துணி நனைஞ்சிருக்கு அண்ணி."

"தண்ணிய சிந்திட்டு பாட்டன் மேல பழியப் போடாத."

வீட்டுக்கும் மாட்டுப்பட்டிக்கும் நடுவில் குலநெருப்பு புகைந்துகொண்டிருந்தது. பொழுது சாயும் நேரம். எரிந்த மோபானிக் கட்டையின் வாசமும் சாணியின் வெதுவெதுப்பும் புளித்த பாலின் நெடியும் கலந்த காற்றில், பட்டிக்குள் இருந்த மாடுகள் ஒன்றுகூட அசைபோடாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றன.

துவாரே மூடியைத் திறந்தான். வரவேற்றுத் தெளிக்க வாய் நிறையத் தண்ணீர் வைத்திருந்தவன் அதை விழுங்கிவிட்டான்.

"ரிபுரே, இது யாரு?"

"பாட்டாதான். வேற யாரு?"

"பல்லப் பாரு."

பார்த்தாள். கமஹேகே காலத்து ஹெரெரோ ஆண் எவனுக்கும் கீழ்வரிசையில் முன்பல் நாலும் இருக்காது. வயசுக்கு வரும்போது தட்டி எடுத்துவிடுவார்கள். இந்தத் தாடையில் எல்லாம் இருந்தன. வெள்ளையாக. நெருக்கமாக.

"நம்ம ஆளே இல்ல," என்றான் துவாரே. "சீட்ட மாத்தி ஒட்டிட்டானுங்க. சரி, நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துடலாம். நீ ஒண்ணும் பேசலயே இதுகிட்ட?"

அவள் கை வயிற்றுக்குப் போனது.

"என்ன சொன்ன?"

சொன்னாள். அவள் தோள்மேல் இருந்த அண்ணியின் கை மெதுவாக விலகியது.

"வெளிய போகச் சொல்லு. இப்பவே," என்றான் துவாரே.

"எந்தப் பாஷையில அண்ணா சொல்றது? என்ன பேர் சொல்லிக் கூப்பிடறது?"

துவாரே ஒரு குச்சியை எடுத்தான். நெருப்பைக் கிளறினான். புகை நேராக மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து அவள் பாவாடைக்குள் நுழைந்தது.

ரிபுரே மண்டியிட்டாள். தெரிந்த மொழியில் கெஞ்சினாள். தப்பா கூப்பிட்டுட்டேன். என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். போயிடுங்க. பெரியவரே, போயிடுங்க. ஜெர்மன் பாஷையில் தெரிந்த நாலு வார்த்தையையும் சொல்லிப் பார்த்தாள்.

வயிற்றில் பிள்ளை புரண்டது. நின்றது.

அசைவே இல்லை.

"அண்ணி, கை வச்சுப் பாருங்களேன்."

அண்ணி வரவில்லை. அவள் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிபுரேயும் பார்த்தாள்.

தாடையின் கீழ்வரிசை. நடுவில் நாலு குழிகள். ஈரமாக. இப்போதுதான் பிடுங்கியது போல.

பெட்டிக்குள் தேடினாள். துணியை உதறினாள். மண்ணில் தடவினாள். நாலு பல்லும் எங்கும் இல்லை.

அப்போது தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே, உள்ளிருந்து, ஏதோ ஒன்று அவளை மெல்லக் கடித்துப் பார்த்தது.