சுவருக்கு அந்தப் பக்கம்

டம்ளரை எடுத்த பிறகும் சுவரில் ஒரு நிழல் இருந்தது. கட்டைவிரல் அளவுதான். டார்ச் கண்ணாடியில் தூசி ஒட்டியிருக்கும் என்று குல்சும் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி அடித்துப் பார்த்தாள். நிழல் அங்கேயே இருந்தது. சுவரில் ஏதோ கறை என்று முடிவு செய்தாள். யோசிக்கத் தெம்பில்லாதவர்களுக்கு எல்லாமே கறைதான்.

காலையிலிருந்து பெரம்பலூர் ஜவுளிக்கடையில் பில் போட்டுவிட்டு, லெப்பைக்குடிக்காடு பஸ்ஸில் பாதி வழி நின்றுகொண்டே வந்து, மஃரிபு தொழுததும் கொஞ்ச நேரம் காலை நீட்டலாம் என்று உட்கார்ந்தவளிடம்தான் மகள் அஃப்ரின் ஸ்கேலோடு வந்து நின்றாள். நாலாம் வகுப்பு. நிழல் எப்போது பெரிதாகிறது, எப்போது சின்னதாகிறது என்று வீட்டில் செய்து பார்த்து, அளந்து வந்து நாளை சொல்ல வேண்டுமாம். பிள்ளைக்குக் கொடுக்கும் பாடத்தை அம்மாதான் செய்து முடிப்பாள் என்பது பள்ளிக்கூடத்துக்கும் தெரியும், கொடுத்துவிடுகிறார்கள்.

அவள் புருஷன் காமில் கத்தாரில் இருந்துகொண்டே கட்டிய வீடு. கல்யாணப் பந்தியே போடலாம், அவ்வளவு நீள ஹால். குடியிருப்பதோ தாயும் மகளும் மட்டும். தெரு முழுக்க விளக்குப் போடுகிற நேரத்தில் குல்சும் ஒவ்வொரு லைட்டாக அணைத்துக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டு மைமூன் மாமி கேட்டுக்கு வெளியே நின்று சத்தம் கொடுத்தாள்.

“ஏம்மா குல்சும், மஃரிபு நேரத்துல வூட்ட இப்படியா இருட்டாப் போடுவாங்க?”

“புள்ளைக்கு ஸ்கூல்ல ஏதோ செய்யச் சொல்லியிருக்காங்க மாமி. இந்தா, இப்ப போட்டுடுறேன்.”

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சீக்கிரம் முடித்துப் படுத்தால் போதும் என்றிருந்தது.

ஹாலின் இந்தக் கோடியில் அவள் டார்ச்சோடு நின்றாள். அந்தக் கோடியில், வெள்ளைச் சுவரை ஒட்டி, ஸ்கேலோடு அஃப்ரின். நடுவில் டம்ளர் வைக்க ஒரு ஸ்டூல். ஒரு சுற்று அளந்து முடித்து டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, டீச்சரே வந்து நிற்பதுபோல அஃப்ரின் விளக்கம் சொன்னாள்.

“லைட்டுக்குக் கிட்ட வந்தா நிழல் பெருசும்மா. தள்ளிப் போகப் போகச் சின்னது. செவுத்த ஒட்டி வெச்சா டம்ளர் எவ்வளவோ அவ்வளவுதான். அதவிடச் சின்னதாவவே ஆவாதுன்னு மிஸ் சொன்னாங்க.”

“சரி. முடிஞ்சிச்சா?”

“ஒரே ஒரு தடவம்மா. இன்னொரு வாட்டி அளந்துக்கிறேன்.”

கை கடுத்தது. ஃபேனையும் சேர்த்து அணைத்துவிட்டதால் வீட்டில் அதுவரை கேட்காத சத்தமெல்லாம் கேட்டது. மாடியில் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் அறைகளிலிருந்து பாச்சை உருண்டை வாசனை படியிறங்கி வந்தது. அதன் அடியில் வேறொன்று, தோண்டிப் போட்ட ஈரமண் வாசனை, சுவர்ப் பக்கமிருந்து மெல்ல மெல்ல ஏறியது. குல்சும் மூக்கைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கட்டைவிரல் அளவாக இருந்த கறை இப்போது உள்ளங்கை அளவுக்கு இருந்தது.

கறை வளராது.

அவள் பார்க்கப் பார்க்கவே அது நீண்டது. தலை தெரிந்தது, பிறகு தோள். டார்ச்சுக்கும் சுவருக்கும் நடுவில் வெறும் ஸ்டூல்தான் நின்றது. அஃப்ரின் அதைக் கவனிக்காமல், டம்ளரைச் சுவரோரம் தரையில் வைத்துக் குனிந்து அளந்துகொண்டிருந்தாள். மகள் சொன்ன பாடம் குல்சுமுக்கு நினைவுக்கு வந்தது. பெரிதாகிறது என்றால் வெளிச்சத்துக்குக் கிட்ட வருகிறது. பிள்ளையை விட்டுவிட்டு என்னிடம் வருகிறது. வரட்டும், அல்லாஹ்வே, என்னிடமே வரட்டும்.

“அஃப்ரின். அங்கேயே நில்லு. அசையாத.”

“ஏம்மா?”

நிழல் கூரையைத் தொட்டது. இரண்டு பக்கமும் விரிந்தது. அஃப்ரினின் தலையை மூடியது. தோளை மூடியது. குல்சுமின் வாயில், காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸி பாதியில் சிக்கிக்கொண்டது. சுவர் முழுக்க இருட்டு. டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது. வெளிச்சம் மட்டும் எதையும் எட்டவில்லை. முகத்துக்கு நேரே ஈரமண் வாசனை. குளிர்.

“அம்மா!”

சட்டென்று வெளிச்சம் திரும்பியது. அஃப்ரின் ஓடி வந்தாள். வந்த வேகத்தில் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். குல்சும் குனிந்து அந்தத் தலையை முகர்ந்து அழுதாள். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை வந்துவிட்டது. அசதியில் கண் ஏதோ காட்டியிருக்கிறது.

“பயந்துட்டியாம்மா? வா, லைட்டப் போடலாம்.”

போடலாம் என்றுதான் நிமிர்ந்தாள்.

டார்ச்சுக்கு இவ்வளவு கிட்ட ஓடி வந்த பிள்ளையின் நிழல் சுவரை மறைக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லை. சுவரோரம், டம்ளருக்குப் பக்கத்தில், வேறொரு நிழல் நின்றது. இரண்டு சடை. கையில் ஸ்கேல். சுவரை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தது. சத்தமில்லை. முதலில் அஃப்ரின் உயரம் இருந்தது. பிறகு அவள் இடுப்பு உயரம். பிறகு டம்ளர் உயரம். சுவரைத் தாண்டி, அந்தப் பக்கம் வெகுதூரம் போனால் ஒழிய எதன் நிழலும் அவ்வளவு சின்னதாக முடியாது. யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் அது தள்ளாடியது.

லைட்டைப் போட்டால் அந்த நிழலும் இருக்காது. குல்சும் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. காலையிலிருந்து ஓய்வில்லாத கை.

“கை வலிக்குதுல்லம்மா,” என்றது இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தது. “டார்ச்ச என்கிட்ட குடு.”

சுவரில், கட்டைவிரல் அளவு நிழல் ஸ்கேலை உயர்த்தி உயர்த்தி ஆட்டியது.