தை அமாவாசைக் குழம்பு

பகல் பன்னிரண்டே முக்கால். மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகிற சாலை. சிற்பக்கூட முதலாளி ஹரிகிருஷ்ணன் இரண்டாம் கவளம் குழம்புச் சோற்றை விழுங்கிய கொஞ்ச நேரத்தில் இலைமேலேயே வாந்தியெடுத்துக் குப்புற விழுந்தார். சர்க்கரை வியாதிக்காரர். வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்பதால் எப்போதும் அவருக்குத்தான் முதலில் இலை. வேலையாட்கள் அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். முதலாளி கிடந்த கிடப்பைப் பார்த்தபின் ஒருவரும் சோற்றைத் தொடவில்லை. அவரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அன்று 2003ஆம் வருடத்துத் தை அமாவாசை.

ஒன்றரைக்கு இன்ஸ்பெக்டர் பாலசுப்ரமணியன் வந்தார். வந்த சூட்டிலேயே வழக்கை முடித்துவிட்டார். சமையல்காரன் முத்துசாமி 1990இல் அச்சரப்பாக்கம் சந்தையில் ஒரு பையனைக் குத்திக் கொன்றவன். வேலூர் சிறையில் சமையல் கற்று, நன்னடத்தையில் வெளியே வந்தான். ஊரே கதவைச் சாத்தியபோது ஹரிகிருஷ்ணன் ஒருவர்தான் நம்பி அடுப்படியைக் கொடுத்தார். இப்போது அவன் துணிப்பைக்குள் பிரித்த எலிமருந்துப் பொட்டலம் இருந்தது.

"நாய் வாலை நிமிர்த்த முடியுமாய்யா? இவனுங்க ஜென்மத்துக்கும் திருந்த மாட்டானுங்க. வண்டில ஏத்து."

"கொஞ்ச நேரம் குடுங்க சார்" என்றாள் சப்-இன்ஸ்பெக்டர் ரெபேக்காள். "சோறு போட்டவருக்கே வெச்சிட்டு, பொட்டலத்த தன் பையிலயே வெப்பானா?"

இன்ஸ்பெக்டர் டீ குடிக்கப் போனார். அது அனுமதி என்று ரெபேக்காள் எடுத்துக்கொண்டாள்.

"கொழம்ப எப்ப எறக்கின?"

"பன்னெண்டு மணிக்கு மேடம்" என்றான் முத்துசாமி.

"அப்புறம்?"

"குளிக்கப் போனேன். குளிச்சிட்டுத்தான படைக்கணும்."

"அடுப்படில யார் இருந்தது?"

அவன் தரையைப் பார்த்தான். "யாரும் இல்ல."

"குளிச்சிட்டு வந்து?"

"படைச்சி கற்பூரம் காட்னேன். செங்கம்மா காக்காக்கு வெச்சாங்க. அப்புறம் மொதலாளிக்குப் போட்டேன்."

"மருந்து உன்னுதா?"

"இல்ல."

"வேற யார் வெச்சிருப்பா?"

அடித்தாலும் பேச மாட்டான் என்று அவளுக்குப் புரிந்தது.

செங்கம்மாள் பாத்திரம் கழுவுகிறவள். அறுபதை ஒட்டிய வயது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

"எந்த ஊரு?"

"அச்சரப்பாக்கம்."

"புள்ளைங்க?"

"ஒரே புள்ள. பூட்டான். அமாவாச தவறாம அவனுக்குத்தான் காக்காக்கு வெக்கிறேன். அவன்தான வந்து துன்னுட்டுப் போறான்."

"இன்னிக்கும் வந்தானா?"

"வந்தான்." அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது.

"முத்துசாமி எப்பிடி?"

மலர்ந்த முகம் சுருங்கியது. "கொலகாரன்மா அவன். தூக்குல போடணும்."

ரெபேக்காள் கொல்லைப்பக்கம் போனாள். மதில்மேல் வாழையிலைத் துண்டு கிடந்தது. வடை, அப்பளம், பொரியல், பாயசம். காகங்கள் தின்றது போக மிச்சச் சோறு மல்லிகைப் பூவாக வெள்ளையாக இருந்தது. வேப்பமரத்தில் உட்கார்ந்து அவை தெம்பாகவே கத்தின. அவள் வேதக்காரி, கிறிஸ்தவக் குடும்பம்; காகத்துக்கு வைக்கிற வழக்கம் வீட்டில் இல்லை. ஆனால் செய்யூரில் பக்கத்து வீட்டு அமாவாசைகளைப் பார்த்து வளர்ந்தவள்.

இரண்டேகாலுக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. முதலாளி பிழைத்துக்கொள்வார். ரெபேக்காள் எல்லோரையும் அடுப்படிக்கு அழைத்தாள்.

"சார், படைச்சதுல ஒண்ணு வுடாம எடுத்து, சோத்துல கொழம்பு ஊத்திதான் காக்காக்கு வெப்பாங்க. அந்த எலையில எல்லாம் கீது. கொழம்பு மட்டும் ஒரு சொட்டு இல்ல."

"கெழவி மறந்திருப்பா."

"அப்பளத்தக்கூட மறக்காதவ கொழம்ப மறப்பாளா? முத்துசாமி குளிக்கப் போனப்பதான் மருந்து கலந்தது. அப்புறம் கற்பூரம் காட்டி அவ கையில எலய குடுத்துட்டான். அந்தக் கொழம்ப ஊத்தினா காக்கா செத்துப்பூடும். அந்தக் காக்கா அவ புள்ள. கொழம்புல மருந்துன்னு தெரிஞ்சவதான் அத மட்டும் வுட்டுட்டு வெச்சிருப்பா." அவள் செங்கம்மாளைப் பார்த்தாள். "அச்சரப்பாக்கம் சந்தையில செத்தது உன் புள்ளதான?"

செங்கம்மாளை முந்திக்கொண்டு முத்துசாமி பேசினான்.

"நான்தான் சார் கலந்தேன். எழுதிக்கோங்க."

"பார்த்தியா!" என்று இன்ஸ்பெக்டர் துள்ளினார். "வெள்ளைச் சோத்த வெச்சிகினு கோர்ட்டுல நிக்க முடியுமாம்மா? இதோ, அவனே ஒத்துக்கினான்."

"இவங்க யாருன்னு உனக்குத் தெரியும்" என்றாள் ரெபேக்காள் முத்துசாமியிடம்.

"வேல கேட்டு வந்த அன்னிக்கே தெரியும். கோர்ட்டுல பார்த்த மொகம். மொதலாளிகிட்ட சொல்லி வேல வாங்கிக் குடுத்ததே நான்தான். என்னத்தான் எதனா பண்ணுவாங்கன்னு நெனச்சேன். அவர பண்ணுவாங்கன்னு நெனக்கல. நான் உள்ள போறேன். அவங்கள வுட்டுடுங்க."

அதுவரை மரமாக நின்ற செங்கம்மாள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்தாள். அழப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்கு வந்தது ஆத்திரம்.

"எழுதாத சார்! நான்தான் கலந்தேன். பொட்டலத்த அவன் பையில போட்டதும் நான்தான்."

"அவன் திருந்திட்டான்னு கண்ணால பார்த்துமா?" என்றாள் ரெபேக்காள்.

"பார்த்ததாலதாம்மா! எட்டு மாசம் பார்த்தேன். குடியில்ல, ஒரு கெட்ட வார்த்த இல்ல, எனக்கு ஜுரம்னா கஞ்சி வெச்சித் தரான். இவ்ளோ நல்லவனா இருக்க முடியும்னா அன்னிக்கே இருந்திருக்கலாம் இல்ல? எம் புள்ள இருந்திருப்பானே!"

"மொதலாளி இன்னா பாவம் பண்ணாரு?"

"எம் புள்ள இன்னா பாவம் பண்ணான்?"

செங்கம்மாள் முத்துசாமியின் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"நாலு பேரு காறித் துப்ப நீ உள்ள போவணும்னுதான் செஞ்சேன். இப்ப எனக்காக போறியா? போயி, எம் புள்ளய கொன்ன பாவத்த அதுல கழிச்சிக்கலாம்னு பாக்கிறியா? அந்தப் புண்ணியத்த உனக்குத் தர மாட்டேன்டா. நீ வெளியிலயே கெட. நல்லவனாவே கெட."

இரண்டு கைகளையும் அவளே ரெபேக்காளிடம் நீட்டினாள். ஜீப் கிளம்பியதும் முத்துசாமி பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே ஓடினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.