ஒன்பதாவது வில்லை

கொதிகலன் கதவின் கடைசி போல்ட்டை முறுக்கி முடித்த பிறகுதான் உள்ளிருந்து அந்தத் தட்டல் கேட்டது. டொக். டொக். டொக்.

படிவத்தில் கையெழுத்துப் போட்ட யோகப்பிரியா, பேனாவை மூடாமல் நின்றாள். மேற்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வெயில் சாய, மலைக் கணவாய்க் காற்றில் பெயின்டும் வெல்டிங் புகையும் கலந்து மணந்தன. புது மின்நிலையத்தின் எரிவாயு டர்பைனுக்கு இன்றுதான் முதல் தீ. அது கக்கும் அறுநூறு டிகிரிப் புகை இந்த ஏழு மாடி இரும்புப் பெட்டிக்குள் பாய்ந்து, தண்ணீரை நீராவியாக்கி, இரண்டாவது டர்பைனையும் சுழற்ற வேண்டும். உள்ளே ஆளில்லை என்று உறுதி சொல்வது அவள் பொறுப்பு.

"மாரப்பண்ணே, கேட்டீங்களா?"

"இரும்பு குளுருதுங்க அம்மிணி. அதுக்கும் பேச்சுத்துணை வேணுமில்லீங்க?" என்றார் ஃபிட்டர் மேஸ்திரி மாரப்பன்.

உள்ளே போகிறவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை வாசல் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் அவரேதான் எடுக்க வேண்டும். பலகை காலியாகத்தான் இருந்தது.

"அவங்கவங்க வில்லைய அவங்கவங்கதானே எடுத்தாங்க?"

மாரப்பன் தலையைச் சொறிந்தார். "டீக்கு நேரமாச்சுங்களா... நானே மொத்தமா வழிச்சுப் பையில போட்டுட்டனுங்க."

அவள் பையைக் காட்டினாள். அவர் அதைக் கொட்டினார். வில்லைகள் ஒன்பது. உள்ளே போய் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டுப் பேர்; மாரப்பன் உள்ளே போகவே இல்லை. ஒன்பதாவது வில்லை எண் தெரியாமல் கருகியிருந்தது. இன்னும் ஒருமுறைகூடத் தீயே மூட்டாத இடத்தில்.

கட்டுப்பாட்டு அறைக்கு போன் போட்டு நிறுத்தச் சொன்னாள். கதவைக் கழற்ற வைத்தாள். தன் வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டு, டார்ச்சோடு உள்ளே குனிந்து நுழைந்தாள்.

துருவும் எண்ணெயும் நாறின. ஆயிரம் குழாய்கள், நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் போல. மூலை மூலையாக வெளிச்சம் அடித்தாள். யாரும் இல்லை.

திரும்பினாள். வாசலில் வெளிச்சம் சுருங்கியது. நூலானது. அணைந்தது.

போல்ட் முறுக்கும் சத்தம்.

"அண்ணே!"

குரல் இரும்பில் செத்து விழுந்தது. டார்ச்சின் பின்பக்கத்தால் கதவில் அடித்தாள். மூன்று முறை.

வெளியே ஒரு பெண் கேட்டாள்: "மாரப்பண்ணே, கேட்டீங்களா?"

அது அவள் குரல்.

"இரும்பு குளுருதுங்க அம்மிணி. அதுக்கும் பேச்சுத்துணை வேணுமில்லீங்க?"

கேள், அவள் வேண்டினாள். வில்லையைப் பற்றிக் கேள்.

வெளியே பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

பிறகு குழாய்களின் ஊடே, வெதுவெதுப்பாக, டர்பைனின் முதல் காற்று வந்தது.