கடைசி வரி வரை தெரிந்தது

இன்னும் நாலு பேர். அப்புறம் சுண்டுவின் முறை.

கண் மருத்துவமனை பெஞ்சில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள் சுண்டு. நாலாம் வகுப்பு படிக்கிறாள். சுண்டுவிரல் அளவுக்குப் பிறந்ததால் அந்தப் பெயர்.

மூன்று மாதமாகத் தலைவலி. நேற்று அம்மா சமையலறையில் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"கண்ணுல கோளாறு இல்லேன்னா, தலைக்குள்ளதானே ஏதோ இருக்கணும்?"

"மெதுவாப் பேசு. பிள்ளை காதுல விழப்போகுது."

விழுந்துவிட்டது. அப்போதிலிருந்து சுண்டுவுக்குச் சோறு இறங்கவில்லை. 'கண்ணுதான் கெட்டிருக்கணும், கண்ணுதான் கெட்டிருக்கணும்' என்று வேண்டிக்கொண்டே வந்தாள்.

"அடுத்து!"

சுவரில் எழுத்துப் பலகை தொங்கியது. சோதிப்பவர் அவளுடைய ஒரு கண்ணை மூடினார். "படி பார்க்கலாம்."

பெரிய எழுத்து தெரிந்தது. சின்ன எழுத்தும் தெரிந்தது. கடைசி வரிகூடப் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த கண்ணிலும் அப்படியே!

"அடேங்கப்பா! கழுகுக் கண்ணு!" என்றார் அவர்.

அப்படியானால் தலைக்குள்ளேதான்! திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

டாக்டரம்மாவின் அறைக்குள் போனபோது சுண்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

"தூக்கத்துல வலி எழுப்புதா? காலைல வாந்தி வருதா?"

"இல்ல," என்றாள் சுண்டு.

"எப்போ வலிக்கும்?"

"தினமும்தான் டாக்டர்," என்றாள் அம்மா.

"வீட்ல என்ன செய்வா?"

"படிப்பா, விளையாடுவா. வேலை எதுவும் வாங்குறதில்ல."

சுண்டு உதட்டைக் கடித்தாள். அம்மா வீட்டிலிருந்தே சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பாள். நடுவில் நிறுத்தாமல் தைக்க, சாயங்காலம் முப்பது ஊசிகளில் நூல் கோத்து வரிசையாகக் குத்திவைப்பது சுண்டுதான். அம்மாவுக்கு அது வேலையாகவே தோன்றவில்லை. பத்து ஊசி தாண்டினால் நெற்றி விண்விண் என்று தெறிக்கும். சொன்னால் அம்மா நொந்துபோவாள் என்று சுண்டு வாயே திறந்ததில்லை.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். என்ன எழுதப்போகிறார்? தலையைத் திறக்கச் சொல்வாரோ?

"டாக்டர், எங்கம்மாவைத் திட்ட மாட்டீங்கள்ல?"

"எதுக்குத் திட்டணும்?"

"ஊசி கோத்தா வலிக்கும். புத்தகம் படிச்சாலும் வலிக்கும். போன மாசம் பள்ளிக்கூடம் பத்து நாள் லீவு. தைக்கச் சட்டையும் வரல. அப்போ ஒரு நாள்கூட வலிக்கல."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏண்டி இத்தனை நாள் சொல்லல?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "இதைத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன். இந்தப் பொடி எழுத்தைப் படி" என்று ஓர் அட்டையைக் கண்ணருகே நீட்டினார்.

நாலு வரி படித்ததும் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. நெற்றி தெறித்தது.

கண்ணில் சொட்டு மருந்து விழுந்தது. அது வேலை செய்யும் வரை பெஞ்சில் காத்திருந்தார்கள். மறுபடி அழைத்தபோது அறை இருட்டாக இருந்தது. ஒரு வெளிச்சம் கண்ணுக்குள் நுழைந்தது. சுண்டு அம்மாவின் புடவையை இறுக்கிப் பிடித்தாள்.

"கண்ணுக்குப் பின்னாடி நரம்பெல்லாம் நல்லா இருக்கு," என்றார் டாக்டரம்மா. " இது கண் கோளாறுதான். தூரத்துல இருக்கறது நல்லாத் தெரியுது. கிட்டப் பார்க்கத்தான் கண்ணு மல்லுக்கட்டுது. பலகை தூரத்துல இருந்ததால ஏமாத்திடுச்சு."

"ஊசியாலதான் கெட்டுச்சா டாக்டர்?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா. முன்னாடியே இருந்ததை ஊசி காட்டிக்கொடுத்துச்சு. கண்ணாடி போடட்டும். ஒரு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. நடுவுல வாந்தி வந்தாலோ, வலி தூக்கத்துல எழுப்பினாலோ அன்னிக்கே வாங்க."

"அப்போ தலையைத் திறக்க மாட்டீங்களா?" என்றாள் சுண்டு.

"தலையை எதுக்குத் திறக்கணும்? இனிமே வலிச்சா நீ வாயைத் திற, அது போதும்! கண்ணாடிக்கு எந்தக் கலர் பிரேம் வே..."

"சிவப்பு!" என்றாள் சுண்டு. "கூடவே, எனக்குப் பசிக்குதும்மா!"