மங்கலாகவே இருந்திருக்கலாம்

படம் அளவுக்கு மீறித் தெளிவாக இருந்தது. அதுதான் முதல் கோணல்.

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் போர்டைச் சுவரை அடைத்த 4கே திரையோடு இணைத்துச் சின்னவன் இப்போதுதான் ஆன் செய்திருந்தான். முழுத் தெளிவில் காட்டச் சொல்லும் வரியை செட்டிங்ஸ் ஃபைலில் அவன் எழுதவே இல்லை. எழுதுகிற உத்தேசமும் இல்லை. பாதித் தெளிவில் ஓடவிட்டு, "போர்டு இவ்வளவுதான் இழுக்கும் அண்ணி" என்று கைகழுவிவிடலாம் என்பது ஐயாவின் திட்டம்.

விளம்பரப் பலகையும் திரையும் மாட்டித்தரும் அந்தக் கடை அண்ணனுடையது. போன வருஷம், வாசலில் ஏணிமேல் நின்று புதுப் பலகைக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தவரை எதிர்க்கடைத் தையல்காரர் கூப்பிட்டார். சிரித்தபடி திரும்பியவரைப் போனில் படம் எடுத்தார். அடுத்த நொடி வயரில் மின்சாரம் பாய்ந்தது. போன் போனாகச் சுற்றி நைந்துபோன அந்தப் படத்தில், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கறை இருந்தது. கறைதான் என்று எல்லாரும் நம்பினார்கள். நேற்று அண்ணி தையல்காரரிடமிருந்து அசல் படத்தையே வாங்கிவந்துவிட்டாள்.

"அவர் முகம் பளிச்சுனு தெரியணும் தம்பி. கடைக்குள்ள வர்றவங்க முதல்ல அவரைத்தான் பாக்கணும்."

இப்போது கறை கையாகியிருந்தது. மெயின் ஸ்விட்சைப் பிடித்திருக்கும் கை. சுண்டுவிரல் கோணல். சின்னவன் தன் கோணல் சுண்டுவிரலைச் சட்டென்று மடக்கிக்கொண்டான்.

"நாளையிலேருந்து கடைப்பக்கம் தலை காட்டாதே" என்று அன்று காலையில் அண்ணன் நாலு பேர் முன்னால் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான். நினைத்தால் இன்றும் அவனுக்கு வயிறு எரிந்தது.

மதியம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மாடி வீட்டில் அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவள் இறங்கி வருவதற்குள் முடிக்க வேண்டும். ஃபைலைத் திறந்து தெளிவைக் கால்வாசியாக இறக்கி எழுதினான். போர்டை அணைத்துப் போட்டான். திரை கறுத்தது, அதில் அவன் முகம் வெளிறித் தெரிந்தது, பிறகு படம் வந்தது. முன்னைவிடத் தெளிவாக. கோணல் விரலின் நகத்தில் அழுக்குக்கூடத் தெரிந்தது. ஏணிமேல் இருந்தவர் சிரிக்கவில்லை.

"அட கடவுளே, சிரிச்சிட்டுத்தானே இருந்தாரு?"

மறுபடி அணைத்துப் போட்டான். அண்ணனின் முகம் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தது. மெயின் ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை. இப்போது நேராகச் சின்னவனை.

மெமரி கார்டைப் பிடுங்கினான். அது இல்லாமல் போர்டு வெறும் தகடு. ஆனால் படம் போகவில்லை. போர்டின் மின்வயரைப் பிடுங்கினான். அப்போதும் படம் போகவில்லை. ரப்பரும் முடியும் சேர்ந்து கருகும் வாடை மெல்லப் பரவியது. அன்று உள்ளேயிருந்து ஓடிவந்து ஏணியடியில் நின்றபோது மூக்கில் ஏறி, எத்தனை முறை குளித்தும் போகாத அதே வாடை. எங்கோ ஏணிப்படி கிறீச்சிட்டது. ஒரு படி. இன்னொரு படி. கீழ்நோக்கி.

திரையில் ஏணி காலி.

திரையின் பிளக் சுவருக்கும் அதற்கும் நடுவில் மாட்டிக்கிடந்தது; கை நுழையாது. மெயினுக்கு ஓடினான். கீழே இழுத்தான். மின்விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. திரை மட்டும் எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மெயினைப் பிடித்த கை. அதன்மேல் இன்னொரு கை. கரிந்தது. கல்யாண மோதிரம் போட்டது.

அவன் கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. விரல்களின்மேல் சூடு இறுகியது.

"அண்ணே... தெரியாம பண்ணிட்டேன்ணே..."

"தெரியாமயா?"

அண்ணி. மாடிப்படியின் கடைசிப் படியில். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. திரையைப் பார்த்தாள், அவன் சுண்டுவிரலைப் பார்த்தாள். ஈரக் கையைப் புடவையில் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவனை விட்டுவிட்டு, அவன் தோளுக்குப் பின்னால் நின்ற புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

"விடாதீங்க" என்றாள்.

கரிந்த விரல்கள் அவன் விரல்களோடு, அன்று அவன் தள்ளியதுபோலவே, ஸ்விட்சை மெல்ல மேலே தள்ளத் தொடங்கின.