நாற்பது டிகிரிப் பொய்

அந்தப் பெண் கதவைத் தட்டவில்லை, முழங்கையால் இடித்தாள். இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை கட்டு.

“முதியோர் இல்லத்துல ஆயா வேலை பாக்கறேன் சார். திங்கக்கிழமை ஒரு தாத்தாவோட காலை நான் வெந்நீர் ஊத்தி வேக வெச்சுட்டேன்னு மேனேஜர் போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டார். நாளைக்கு என்னைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. கால் கழுவற தொட்டியை ரொப்பினதே அந்த மேனேஜர்தான்!”

தராசு என்று ஊரார் பெயர் வைத்திருந்த துப்பறிவாளர் நிதானமாகக் கேட்டார். “தாத்தா கத்தலையா?”

“அவருக்குச் சர்க்கரை. கால்ல உணர்ச்சியே கிடையாது. தோல் சிவந்ததைப் பாத்துட்டு நான்தான் ரெண்டு கையையும் உள்ள விட்டுத் தூக்கினேன்.”

தராசின் மைத்துனன் பட்டாசு. பெயருக்கேற்ற ஆள். அதற்குள் செருப்பை மாட்டியிருந்தான். “வாங்க மாமா, அந்த ஆளை ஒரு கை பாத்துடலாம்!”

“முதல்ல தண்ணியைப் பாப்போம்.”

இல்லத்தின் குளியலறையில் கால் கழுவும் தொட்டி, சுவரில் அடியில் தனிக் குழாய் வைத்த வெந்நீர் டிரம், அருகே பச்சைத் தண்ணீர்க் குழாய். டிரம்மின் வெப்பமானி முள் அறுபத்தைந்து டிகிரியில் நின்றது. வெளியே பலகையில் மேனேஜர் கையெழுத்திட்ட ஒரு தாளைப் பட்டாசு உரக்கப் படித்தான். “மேல்தொட்டி கழுவுவதால் திங்களன்று காலை எட்டு முதல் பத்து வரை குழாயில் தண்ணீர் வராது.”

மறுநாள் அதே குளியலறையில், இன்ஸ்பெக்டர் முன்னால் மேனேஜர் கொஞ்சமும் கூசாமல் பேசினார்.

“திங்கக்கிழமை ஒம்போது மணிக்கு நானே இருபது லிட்டர் ரொப்பி அளந்தேன். சரியா நாப்பது டிகிரி. சூடு பத்தலைன்னு இவ ஒரு கெட்டில் கொதிதண்ணியை ஊத்தியிருக்கா. காலிக் கெட்டில் பக்கத்துலயே கிடந்தது. அறிவு கெட்ட ஜென்மம்!”

“அது டீ போட்ட கெட்டில்!” என்று ஆயா அலறினாள்.

தராசின் முகம் சிவந்தது. குரல் மட்டும் உயரவில்லை. “பட்டாசு, சார் சொன்னபடியே செய்.”

நாற்பது டிகிரியில் இருபது லிட்டர். அதில் அதே ஒரு லிட்டர் கெட்டிலின் தண்ணீர், தளதளவென்று கொதிக்கக் கொதிக்க. ஊற்றிக் கலக்கிய பட்டாசு வெப்பமானியைப் பார்த்து வாயைப் பிளந்தான். “நாப்பத்தி மூணைக்கூடத் தொடலை, மாமா!”

தராசு முக்காலியில் உட்கார்ந்து, காற்சட்டையைச் சுருட்டி, இரண்டு கால்களையும் தொட்டிக்குள் வைத்தார்.

“சுகமா இருக்கு,” என்றார் தராசு. “ஒரு லிட்டர் கொண்டு வந்த சூட்டை இருபது லிட்டரும் பங்கு போட்டுக்கும். ஆளுக்குக் கிடைக்கிறது கொஞ்சம்தான். கால் வேகற மாதிரி அறுபதைத் தொடணும்னா இப்படிப் பத்து கெட்டில் வேணும்.”

“அப்ப கால் எப்படி வெந்துச்சு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஒம்போது மணிக்குக் குழாய்ல சொட்டுத் தண்ணி கிடையாது. வெளியே இருக்கற தாள்ல இவர் கையெழுத்தே இருக்கு. அப்ப நாப்பது டிகிரிக்கு எதைக் கலந்தாரு? டிரம் தண்ணியை அப்படியே திறந்து விட்டிருக்காரு. அளக்கவே இல்லை. தன் தப்பை மறைக்க, கை வெந்த பொண்ணு தலையிலேயே பழியைப் போட்டிருக்காரு. மனுஷனா நீங்க?”

“அன்னிக்கு ஏகப்பட்ட வேலை... ஏதோ அவசரத்துல...” மேனேஜருக்கு நாக்குக் குழறியது. “மன்னிச்சிடும்மா.”

ஆயா கட்டுப்போட்ட கைகளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“எப்பவும் கையை விட்டுப் பாத்துட்டுத்தான் தாத்தா காலை வைப்பேன். அன்னிக்கு நீங்க ‘அளந்துட்டேன், சீக்கிரம் வை’ன்னு சொன்னீங்க. உங்க வார்த்தையை நம்பித்தான் சார் பாக்காம விட்டேன்.”