அழியாத எண் அழிந்தது

“அழியவே அழியாதுன்னு சொல்லிப் போட்ட நம்பர், அழிஞ்சுக்கிட்டே வருதுங்க” என்றார் அந்த அம்மாள். சொல்லிவிட்டு, தான் சொன்னது சரிதானா என்று தனக்கே சந்தேகம் வந்தவர்போல நெற்றியைத் தடவிக்கொண்டார். முடிக்குள் ஓடிய தையல் தழும்பு அப்போதுதான் தெரிந்தது.

எதிரே இருந்தவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். எதிலும் அவசரம் காட்டாதவர் என்பதால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் ‘நிதானம்’. அவருடைய மைத்துனர் நேர்மாறு. பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில், பயணி இரண்டாவது காலைக் கீழே வைக்கும் முன் விசில் கொடுத்துப் பேர் வாங்கியவர்.

“எந்த நம்பர்மா? வண்டி நம்பரா?” என்றார் மைத்துனர்.

“குதிரை நம்பர்.”

அந்த அம்மாள் குதிரையேற்றப் பள்ளி நடத்துகிறார். பக்கத்து லாயங்களில் குதிரைகள் களவுபோக ஆரம்பித்ததும் தன் குதிரைகளுக்கு நிரந்தர அடையாளம் போட முடிவு செய்திருக்கிறார். எதைப் போடுவது என்பதில்தான் அவருக்கும் அவர் தம்பிக்கும் வாக்குவாதம். தோலுக்கடியில் ஊசியால் ஏற்றும் சிப் போதும், வலிக்காது என்றார் தம்பி. உதட்டின் உள்பக்கம் பச்சை குத்துவது நாளடைவில் மங்கிவிடும். சூட்டுக்கோலை அந்த அம்மாளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“உள்ள இருக்கற சிப் திருடன் கண்ணுக்குத் தெரியுமா? தூரத்துலயே தெரியணும், கிட்டவே வரக்கூடாது. அதான் ஐஸ் முத்திரைன்னு முடிவு பண்ணினேன். உறையற குளிர்ல வெச்ச செம்பு அச்சைக் கழுத்துல அழுத்துவாங்க. அந்த இடத்து முடி கொட்டிடும். திரும்ப முளைக்கிறப்ப வெள்ளையா முளைக்கும். சாகற வரைக்கும் வெள்ளைதான்.”

முத்திரை போட கால்நடை டாக்டருக்குத் தேதி கொடுத்திருந்தார். அதற்குச் சில நாள் முன்பு, அவருக்கு உயிரான கரும்பழுப்புப் பெண்குதிரை மிரண்டு அவரைக் கீழே தள்ளியது. தலையில் பலமான அடி. அவர் நினைவில்லாமல் மருத்துவமனையில் கிடந்தபோது, குறித்த தேதியில் டாக்டர் வந்து எல்லாக் குதிரைகளுக்கும் முத்திரை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

“இப்ப மத்த குதிரைகளுக்கெல்லாம் நம்பர் வெள்ளையா எட்டிப் பார்க்குது. என்னோடதுக்கு மட்டும் கரும்பழுப்பாவே முளைச்சு மூடுது. அது மட்டும் இல்லீங்க...” அவர் குரல் தாழ்ந்தது. “அது என் குதிரையே இல்லன்னு தோணுது. என்னோடது சேணத்து வார் இறுக்கறப்ப வயித்தை உப்பிக்கும். இது சிலை மாதிரி நிக்குது. சொன்னா, ‘அடிபட்ட தலை, குழப்பம் இருக்கத்தான் செய்யும்’னு எல்லாரும் தட்டிக் குடுக்கறாங்க. பள்ளியையே மூடிடச் சொல்றான் தம்பி. எனக்கும் எது நெசம்னு தெரியல. என் தலையை நம்பறதா, குதிரையை நம்பறதா?”

“முதல்ல குதிரையைப் பார்ப்போம்மா” என்றார் நிதானம்.

லாயம் நீளமான ஓட்டுக்கட்டடம். வைக்கோலும் தோல் எண்ணெயும் கலந்த வாசனை. சொல்லியனுப்பியதால் டாக்டரும் தம்பியும் வந்திருந்தார்கள். தம்பி பெயர்ப்பலகை எழுதுபவர். வாசலில் இருந்த பள்ளியின் பலகை அவர் கைவேலைதான். விரல் நகங்களில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. அக்காவின் கையைப் பிடித்து நடத்தி வந்தவர், குதிரைகளிடமிருந்து மட்டும் நாலடி தள்ளியே நின்றார்.

அந்த அம்மாளின் குதிரை அமைதியாக நின்றிருந்தது. கழுத்தில் இருபத்தேழு என்ற எண், வெயிலில் வெளுத்த சுவரெழுத்தைப்போல அரைகுறையாகத் தெரிந்தது. நிதானம் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்துக் குதிரையின் கழுத்தைப் பார்த்தார். அங்கே எண்ணில் வெள்ளை முளைத்திருந்தது. எண்ணைச் சுற்றிக் கட்டம் கட்டினாற்போல முடி சற்றுக் குட்டையாக இருந்தது. அடுத்ததிலும் அப்படியே. மறுபடியும் இருபத்தேழிடம் வந்து, இரண்டுக்கும் ஏழுக்கும் நடுவிலிருந்த நீளமான முடியை விரலால் நீவிவிட்டார்.

“அச்சு சரியா அழுத்தலைன்னா இப்படி ஆகறதுண்டு. பழைய நிறமே வந்துடும்” என்றார் டாக்டர், கொஞ்சம் கோபமாக. “ஆனா என் கை அப்படித் தப்பாது.”

மைத்துனர் நிதானத்தின் காதருகே குனிந்தார். “மச்சான், டாக்டர்தான். அச்சு அவர்கிட்டதான இருக்கு?”

“கொஞ்சம் பொறு மாப்ள.”

லாயக்காரர் விபத்துக்கு முந்தின வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். “நாலஞ்சு குதிரை ஒரே கரும்பழுப்புங்க. எனக்கு மூஞ்சி பழகறதுக்குள்ள நம்பர் போட்டுட்டாங்க. அப்புறம் நம்பரைப் பார்த்துதான் தண்ணியே காட்டுவேன். முத்திரை போட்ட அன்னிக்கு ஒவ்வொண்ணையும் நான்தான் பிடிச்சேன்.”

“அன்னிக்கு நீங்க?” என்று தம்பியிடம் திரும்பினார் நிதானம்.

“நான் இந்தப் பக்கமே வரலீங்க. அக்கா கட்டில் பக்கத்துலயே கிடந்தேன். நர்ஸைக் கேட்டுப் பாருங்க.”

மைத்துனருக்குத் தலை சுற்றியது. டாக்டர் தன் கை தப்பாது என்கிறார், லாயக்காரருக்குக் குதிரைகளின் முகமே தெரியாது, தம்பி ஊருக்கே தெரிய மருத்துவமனையில். அப்படியானால் ஒருவேளை அந்த அம்மாளின் தலைதான்... அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மைத்துனர் வைக்கோலைப் பார்த்தார்.

நிதானம் எல்லோரையும் சேணம் வைக்கும் அறைக்கு அழைத்தார். அந்த அம்மாளை ஸ்டூலில் உட்காரவைத்தார்.

“டாக்டர், அச்சு வைக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?”

“முடியை ஒட்ட வெட்டுவேன். ஒரு கட்டமா. அப்பத்தான் குளிர் தோல்ல படும்.”

“எல்லாக் குதிரைக்கும்?”

“எல்லாத்துக்கும்.”

“மத்த குதிரைங்க கழுத்துல அந்தக் கட்டம் இன்னும் தெரியுது. வெட்டின முடி முழுசா வளரல. இருபத்தேழுல கட்டமே இல்ல. எழுத்துக்கு நடுவுல முடி கத்தியே படாம நீளமா இருக்கு. எழுத்து இருக்கற இடத்தை மட்டும் யாரோ சவரம் பண்ணியிருக்காங்க. உங்க அச்சு தப்பல டாக்டர். இந்தக் குதிரை மேல அது படவே இல்ல.”

“அப்போ...” அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

“அப்போ உங்க தலை சரியாத்தான் இருக்கு, அம்மா. இது வேற குதிரை. முத்திரை போட்ட பிறகு மாத்தியிருக்காங்க. முடி கொட்டி வழவழன்னு இருக்கற எண்ணைப் பார்த்து, அதே மாதிரி மழிச்சிருக்காங்க. மழிச்சது திரும்ப முளைக்கத்தானே செய்யும்?”

“யாரு மச்சான்?” மைத்துனரால் பொறுக்க முடியவில்லை.

“டாக்டர் செஞ்சிருந்தா கட்டத்தை மறப்பாரா? லாயக்காரர் பக்கத்துல நின்னு பிடிச்சவர். அவருக்கும் தெரியும். எண்ணோட வடிவம் அச்சு அசல், ஆனா சுத்தி லேசாக் குட்டையா இருந்த கட்டம் கண்ணுல படாம விட்டுப்போச்சு. அப்படின்னா, எழுத்தைப் பார்த்து எழுதறதுல கை தேர்ந்தவர். ஆனா முத்திரை போட்ட அன்னிக்கு இங்க இல்லாதவர்.” நிதானம் தம்பியைப் பார்த்தார். “நீங்க இல்லைங்கறதுக்கு நர்ஸ் சாட்சி சொல்வாங்கன்னு சொன்னீங்க. எனக்கு அதுதான் வேணும்.”

தம்பி நகத்துச் சாயத்தைச் சுரண்டினார். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

“விக்கலக்கா. ஒரு நண்பன் பண்ணையில நல்லாத்தான் இருக்கு. அவன் தன் குதிரையைப் பிடிச்சுக்க நான் மழிச்சேன், ராத்திரியில அவனே மாத்திட்டுப் போனான். இது சாது, யாரையும் தள்ளாது. நீ கண் முழிச்சதும் என்ன கேட்ட, ஞாபகம் இருக்கா? தண்ணி கேக்கல, என்னைக் கேக்கல. ‘எப்ப ஏறலாம்’னு கேட்ட. விடுன்னா நீ விடுவியா?”

“என்கிட்ட சண்டை போட்டிருக்கலாமேடா” என்றார் அந்த அம்மாள். குரல் உயரவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. “குதிரையை எடுத்ததைக்கூட மன்னிச்சிடுவேன். தினம் தினம் என் தலையைத் தடவி, ‘உனக்குத்தான் குழப்பம்’னு சொன்னியே. கண்ணாடியில என் மூஞ்சியைக்கூட நான் சந்தேகப்பட்டேன்டா.”

தம்பி அழுதார். அந்த அம்மாள் சமாதானம் சொல்லவில்லை.

அன்று மாலையே எல்லோரும் அந்தப் பண்ணைக்குப் போனார்கள். வேலிக்கு அப்பால் நின்ற கரும்பழுப்புக் குதிரை தலையைத் தூக்கியது. அதன் கழுத்தில் இருபத்தேழு என்ற எண் பளிச்சென்று வெள்ளையாக முளைத்திருந்தது. அந்த அம்மாள் எண்ணைப் பார்க்கக்கூட இல்லை. நேராகப் போய் அதன் மூக்கில் முகத்தை வைத்துக்கொண்டார்.

“டாக்டர், எல்லாத்துக்கும் சிப்பும் போட்டுடுங்க” என்றார், முகத்தை எடுக்காமலே. “வெளியாளுக்கு நம்பர். வீட்டு ஆளுக்கு சிப்.”

மைத்துனருக்குச் சிரிப்பு வந்தது; நிதானத்தின் பார்வையைக் கண்டதும் அடக்கிக்கொண்டார்.

பிறகு அந்த அம்மாள் கயிற்றின் நுனியைத் தம்பியிடம் நீட்டினார்.

“பிடிச்சுக்கிட்டு நட.”

“அக்கா, எனக்கு பயம்...”

“தெரியும். நான் பக்கத்துலயே வரேன்.”

தம்பி கயிற்றை வாங்கினார். குதிரை ஒருமுறை செருமியது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் கயிற்றை விடவில்லை. மூன்று பேருமாக மண்பாதையில் இறங்கினார்கள்.